இரைச்சல் நீக்கி

லா ஷோ-து-ஃபோனில், நாலாம் மாடி.
பதினைந்து நாளுக்கொருமுறை
எங்கள் கைக்கு வரும் சலவை அறைச் சாவி.
அன்றைக்குத்தான் நானும்
டிவிடிகளைச் சுருக்க உட்காருவேன்.
கீழே மெஷின் சுற்றும், மேலே தட்டு சுற்றும்.
இரண்டு சத்தத்துக்கும் சேர்த்து
மதாம் ஊக்னான் ஒருமுறைதான் கதவைத் தட்டுவார்.

இருநூற்றுப் பதினேழு தட்டுகள்.
சாமத்தியவீடு, கலியாணம், அந்தியேட்டி,
கோயில் தேர், ஒரு நீச்சல் போட்டி.
வாடகைக் கமராவில் நான் எடுத்தவை.
சிலவற்றின் விளிம்பில் பழுப்பு ஏறிவிட்டது.
ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் நாற்பத்தொரு ஜிபி.
ஒரு தட்டுக்கு நாலரை.
கணக்கு எனக்கும் தெரியும்.

லினக்ஸின் கறுப்புத் திரையில்
ஒரு வரி எழுதினால் போதும்.
சரி என்றுகூடச் சொல்லாது, தொடங்கிவிடும்.
நொடிக்குப் பதினொரு படம்;
பழைய மடிக்கணினிக்கு அவ்வளவுதான் மூச்சு.

அதன் சிக்கனம் எனக்குப் பிடிக்கும்.
முதற் படத்தை முழுதாக எழுதும்,
அடுத்ததில் மாறியதை மட்டும்.
போனமுறை செய்த கலியாணத்தில்
பின்சுவர் அப்படியே, குத்துவிளக்கு அப்படியே,
மூன்றாம் வரிசையில் கைகட்டி இருந்த
பெண்ணின் தகப்பனும் அப்படியே.
இரண்டு மணிநேரம் அவர் அசையவில்லை.
அவருக்கு ஆன செலவு
ஒரு தந்தியைவிடக் குறைவு.
நாற்காலிகளுக்கிடையே பெடியள் ஓடிய இடத்தில்தான்
அள்ளிக் கொடுத்திருந்தது.

இன்றைக்கு எண்பத்துநாலு.
மயூரதன் – திலோஜினி, இரண்டாயிரத்தாறு ஜனவரி.
மண்டபத்தில் வெளிச்சம் போதாமல்
இருட்டெல்லாம் புள்ளிபுள்ளியாய்க் கொதித்தது.
கொதிக்கிற ஒவ்வொரு புள்ளியும் இடம் கேட்கும்.
அதனால் வரியின் நடுவில்
இரைச்சல் நீக்கியைச் செருகினேன்.
அது அக்கம்பக்கத்துப் படங்களை விசாரிக்கும்:
முன்னும் இல்லை, பின்னும் இல்லை,
அப்படியென்றால் தூசி.
துடைத்துவிடும்.

உடுப்புக் காய்ந்து முடிய
எழுநூற்றெண்பது எம்பி.
எனக்கு நானே கைதட்டலாம் போலிருந்தது.
போட்டுப் பார்த்தேன்.
மண்டபம் பளிங்கு. மாப்பிள்ளை முகத்தில் ஒரு பரு இல்லை.
பிறகு வாசல்.
திலோஜினி காரிலிருந்து இறங்குகிறாள்,
சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து.
யாரோ ஓடிவந்து குடை விரிக்கிறார்கள்
வெறும் ஆகாயத்துக்கு.

பனி இல்லை.

அன்றைய பனி!
ரயில் நின்று, ஐயர் நொஷாத்தலில் மாட்டி,
முகூர்த்தம் கழிய இன்னும் ஆறு நிமிடம் என்கையில்
மயூரதனின் அண்ணர் கைபேசியை உயர்த்திப் பிடிக்க
மந்திரம் அதற்குள்ளால் கரகரத்து வந்து
தாலி ஏறிய நாள்.
படத்தில் இப்போது
எல்லாரும் காரணமில்லாமல் பிந்துகிறார்கள்,
சுத்தமான காற்றில் நின்று
தோளைத் தட்டிவிடுகிறார்கள், சிரிக்கிறார்கள்.

ஒவ்வொரு துகளும்
ஒரேயொரு படத்தில்தான் அந்த இடத்தில் இருந்தது.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
அது செய்தது பிழையென்று சொல்லமாட்டேன்.

வாசலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க
ஏதும் வழி இருக்கும், எனக்குத் தெரியாது.
நீக்கியை எடுத்துவிட்டு
முதலிலிருந்து ஓடவிட்டேன்.
சாவி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது,
விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

விடியப்புறம் மூன்று மணி.
ஒன்று தசம் ஒன்பது ஜிபி.
அதில் பனிக்கு எவ்வளவு, இருட்டுக்கு எவ்வளவு என்று
பிரித்துச் சொல்ல என்னால் ஏலாது.
வாசலில் கொட்டுகிறது.
குடைக்காரரின் மீசை வெள்ளை.
மண்டபம் மறுபடி கொதிக்கிறது, கொதிக்கட்டும்.

மிச்சம் முப்பத்தொன்பது.
எண்பத்தைந்தை எடுத்து
சட்டை நுனியால் துடைக்கிறேன்.
நீச்சல் போட்டி.
ஒன்றரை மணிநேரமும்
தண்ணீர்.